இரண்டாந்தரம் ஜிமேட்டா, ஜிஆர்ஈயா? யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் ஒப்பீடு

உயர்தரத்தில் நினைத்த பெறுபேறு வராவிட்டால் அடுத்தது என்ன என்று யாழ்ப்பாணத்தில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. அதே டியூட்டரி, அதே பாஸ் பேப்பர், இன்னொரு வருடம். அங்கே அது பலருக்குக் கைகொடுக்கிறது. பாடத்திட்டம் தெரிந்தது, வினாத்தாளின் போக்கும் தெரிந்தது. பிஸ்னஸ் ஸ்கூலில் சேர்வதற்கான நுழைவுச் சோதனையான ஜிமேட்டை எழுதிப் புள்ளி போதாமல் திரும்ப எடுக்க நினைக்கிறவர்களும் இதே பழக்கத்தோடுதான் தொடங்குகிறார்கள். முதல் தடவை பார்த்த வீடியோவையே திரும்பப் பார்க்கிறார்கள், அதே புத்தகத்தை இன்னொரு முறை முடிக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு அது சரிவராது. இரண்டாந்தரம் எடுக்கிறவர் முதலில் எதை மாற்றப் போகிறார் என்று முடிவெடுக்க வேண்டும். சோதனையையே மாற்றலாம், படிக்கிற முறையை மாற்றலாம், எழுதுகிற இடத்தை மாற்றலாம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டில் எம்பிஏ முடித்த அண்ணாமார் "700 எடுத்தால்தான் கதை" என்று சொல்வார்கள். அது பழைய ஜிமேட். 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது, 2024 ஜனவரியோடு பழையது நின்றுவிட்டது. இப்போதைய புள்ளி 205இலிருந்து 805 வரை போகும், எல்லாமே 5இல் முடியும். பழைய 700 இருந்த இடத்தில் இன்று ஏறத்தாழ 645 இருக்கிறது. இசட் புள்ளியோடு வளர்ந்த எங்களுக்கு இது விளங்காத விஷயம் இல்லை: வெறும் புள்ளியைப் பார்க்காமல், எத்தனை பேரைத் தாண்டி நிற்கிறோம் என்று சொல்லும் பெர்சென்டைலைப் பாருங்கள். 655 எடுத்துவிட்டு, 700 வரவில்லையே என்று திரும்பக் காசு கட்டுவது வீண். விண்ணப்பிக்கும் கல்லூரியின் சராசரிக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால், அந்த மாதங்களை விண்ணப்பக் கட்டுரைகளுக்குக் கொடுக்கலாம்.

சரி, உண்மையிலேயே புள்ளி போதாது என்று வைத்துக்கொள்வோம்.

ஜிமேட்டில் நிற்பதா, ஜிஆர்ஈக்கு மாறுவதா

ஜிஆர்ஈ என்பது பல துறை மேற்படிப்புக்கும் எழுதும் நுழைவுச் சோதனை. இன்சியாட், லண்டன் பிஸ்னஸ் ஸ்கூல், ஹைதராபாத்தில் உள்ள ஐஎஸ்பி போன்ற பிஸ்னஸ் ஸ்கூல்கள் எல்லாம் இரண்டு சோதனையையும் ஏற்கின்றன. ஆகவே எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஜிமேட் 2 மணித்தியாலம் 15 நிமிடம். குவாண்ட் (கணக்கு) 21 கேள்வி, வேர்பல் (ஆங்கிலம்) 23, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மூன்றுக்கும் சம எடை. ஜிஆர்ஈ 2023 செப்டெம்பரில் சுருங்கி 1 மணித்தியாலம் 58 நிமிடமாகிவிட்டது. 30 நிமிடக் கட்டுரை ஒன்று, பிறகு வேர்பலில் இரண்டு பகுதி, குவாண்டில் இரண்டு பகுதி. ஜிமேட்டில் இப்போது கட்டுரை கிடையாது.

கணக்கை முதலில் பார்ப்போம். ஜிமேட் குவாண்டில் கேத்திர கணிதத்தை எடுத்துவிட்டார்கள், கல்குலேட்டரும் இல்லை. எண்களின் இயல்பு, விகிதம், வேகம், வேலை, சமன்பாடு என்று சின்ன வகுப்புப் பாடங்கள்தான், ஆனால் கேள்வியை முறுக்கியிருப்பார்கள். ஜிஆர்ஈயில் கேத்திர கணிதம் உண்டு, திரையில் கல்குலேட்டரும் உண்டு. இணைந்த கணிதம் படித்துவிட்டு வந்தவருக்கு ஜிஆர்ஈ குவாண்ட் பழகின வீடு மாதிரி இருக்கும். ஆனால் அது மற்றவர்களுக்கும் இலகுதான். 170க்கு 170 எடுப்பவர்கள் நிறையப் பேர் என்பதால், கவனக்குறைவாக விட்ட இரண்டு மூன்று பிழையே பெர்சென்டைலைக் கீழே இழுத்துவிடும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையான தீர்ப்பு வேர்பலில்தான் இருக்கிறது. தமிழ் மொழிமூலம் உயர்தரம் வரை படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறி, வேலைக்குப் போய் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதப் பழகினவர்தான் பெரும்பாலும் இந்தச் சோதனைக்கு உட்காருகிறார். அவருக்கு ஆங்கிலம் விளங்கும், வாசிக்கும் வேகம்தான் குறைவு. ஜிஆர்ஈ வேர்பலில் பாதியளவு சொல்வளம். ஒரு வசனத்தில் மூன்று வெற்றிடம் இருந்தால் மூன்றையும் சரியாக நிரப்ப வேண்டும், இரண்டு சரியென்று பாதிப் புள்ளி தரமாட்டார்கள். இன்னொரு வகையில் ஆறு சொல்லில் இரண்டைத் தெரிய வேண்டும், அங்கேயும் இரண்டும் சரியாக இருந்தால்தான் புள்ளி. அந்தச் சொற்கள் அலுவலக ஆங்கிலத்தில் வராதவை, வருடக்கணக்கில் வாசித்தவருக்கு மட்டும் பழக்கமானவை. பட்டியல் போட்டு ஆயிரம் சொல் பாடமாக்கலாம்தான், ஆனால் அதே சொல் வசனத்துக்குள் வேறு நிறத்தில் வந்து நிற்கும்போது பாடமாக்கினது காலை வாரிவிடும்.

ஜிமேட் வேர்பலில் வசனத் திருத்தத்தை நீக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வாசித்து விளங்குதலும் வாதத்தை அலசுவதும்தான். இந்த முடிவு எந்த எடுகோளில் நிற்கிறது, எந்தத் தகவல் வந்தால் வாதம் பலவீனமாகும் என்று கேட்பார்கள். இங்கே சொல்லைவிடத் தர்க்கம்தான் முக்கியம், தர்க்கத்தை மூன்று நான்கு மாதத்தில் பழக்கிவிடலாம். அதனால் என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: தமிழ் மொழிமூலம் படித்து, வேர்பலில் புள்ளியை இழந்தவர் ஜிஆர்ஈக்கு ஓட வேண்டாம். ஜிமேட்டிலேயே நில்லுங்கள்.

மாற வேண்டியவரும் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே ஆங்கில நாவலும் பத்திரிகையும் வாசித்து வளர்ந்தவர், டேட்டா இன்சைட்ஸில் அட்டவணையும் வரைபடமுமாக வந்து நேரத்தைத் தின்றதால் கீழே போனவர். அவருக்கு ஜிஆர்ஈ நல்ல வழி, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு தனிப் பகுதியே இல்லை. கேள்விகளுக்கு இடையில் நடமாடும் சுதந்திரமும் கூட. ஜிஆர்ஈயில் ஒரு பகுதிக்குள் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வரலாம். ஜிமேட்டில் விடை கொடுத்தால்தான் அடுத்தது திறக்கும். கடைசியில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகளை மட்டும் மாற்றலாம், முடிக்காமல் விட்டால் புள்ளி குறையும். பதற்றத்தில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டுகிற சுபாவம் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தீர்மானிக்க முடியாவிட்டால் ஒரு சனிக்கிழமை போதும். ஜிஆர்ஈ நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் பவர்பிரெப் பரீட்சைகள் இரண்டு இலவசம். ஒன்றை முழு நேரக் கட்டுப்பாட்டோடு எழுதி, பெர்சென்டைலை உங்கள் ஜிமேட் பெர்சென்டைலோடு வைத்துப் பாருங்கள். ஜிமேட்டின் இலவச மாதிரிப் பரீட்சைகளும் இரண்டுதான், அவற்றை முதல் தடவையே முடித்திருப்பீர்கள். திரும்ப எழுதினால் பார்த்த கேள்விகள் வந்து புள்ளியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரண்டாந்தரத்துக்குக் காசு கொடுத்தாவது புதிய மாதிரிப் பரீட்சைகளை வாங்கி, கடைசி மாதத்துக்கென்று தொடாமல் வையுங்கள்.

வகுப்பா, தனியாகவா

யாழ்ப்பாணத்தில் டியூட்டரிக்குக் குறைவில்லை, ஆனால் ஜிமேட் படிப்பிக்கிற இடம் தேடிப் பிடிப்பது கஷ்டம். கையில் இருப்பவை மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் இணைய வகுப்பு, சூமில் தனி ஆசிரியர், அல்லது உத்தியோகபூர்வ கைடை வைத்துக்கொண்டு நீங்களே படிப்பது.

முதல் தடவை எடுக்கிறவருக்கு இணைய வகுப்பு நல்லது, ஒழுங்கு கிடைக்கும். இரண்டாந்தரம் எடுக்கிறவர் அதற்குத் திரும்பவும் டொலரில் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவருக்குப் பாடம் தெரியும். தெரிந்தும் எங்கே பிழை விடுகிறார் என்பதுதான் தெரியாது. அதை வீடியோ சொல்லித் தராது, பிழைக் கொப்பி சொல்லித் தரும்.

பிழைக் கொப்பியில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். டேட்டா இன்சைட்ஸில் வருகிற மாதிரி ஒரு கேள்வி: ஒரு கம்பனியின் விற்பனையில் இருந்து செலவைக் கழித்து வரும் தொகை, போன வருடத்தைவிட இந்த வருடம் கூடியதா? இதற்கு விடை சொல்லத் தந்த தகவல் போதுமா என்பதைத்தான் நீங்கள் தெரிய வேண்டும். தகவல் ஒன்று, விற்பனை 20 சதவீதம் கூடியது. தகவல் இரண்டு, செலவு 10 சதவீதம் கூடியது. வர்த்தகப் பிரிவில் படித்தவர் உடனே "இரண்டையும் சேர்த்தால் போதும், கூடியிருக்கும்" என்பார். ஆனால் போன வருடம் விற்பனை 100 இலட்சமும் செலவு 250 இலட்சமுமாக இருந்திருந்தால்? அப்போது கைநட்டம் 150 இலட்சம். இந்த வருடம் 120, 275, நட்டம் 155 இலட்சமாகிவிட்டது. ஆகவே இரண்டும் சேர்ந்தும் போதாது.

இதைக் கொப்பியில் "கவனக்குறைவு" என்று எழுதினால் பயனில்லை. "கம்பனி போன வருடம் லாபத்தில் ஓடியது என்று கேள்வி சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்" என்று எழுத வேண்டும். அதன் கீழே "அடுத்த முறை: சதவீதம் வந்தால் அடித்தொகை என்ன என்று கேள்" என்று ஒரு வரி. எத்தனை நிமிடம் போனது என்பதையும் குறியுங்கள். இப்படி அறுபது எழுபது பதிவு சேர்ந்ததும் திரும்ப வாசித்தால், பிழைகள் நாலைந்து பழக்கங்களுக்குள் அடங்குவது தெரியும். சொல்லாததை எடுகோளாக எடுப்பது, கடைசி வரியை வாசிக்காமல் கணக்கைத் தொடங்குவது, மூன்று நிமிடம் தாண்டியும் விட மனம் வராதது. அந்தப் பழக்கங்களைத் திருத்துவதுதான் இரண்டாந்தரப் படிப்பு. ஜிமேட்டின் பெறுபேற்று அறிக்கையும் கேள்வி வகை, பாடப்பரப்பு, செலவழித்த நேரம் என்று பிரித்துக் காட்டும். கொப்பியைத் தொடங்கும் முன் அதைத் திறந்து வையுங்கள்.

தனி ஆசிரியருக்குச் செலவழிப்பதென்றால் நாலைந்து மணித்தியாலத்துக்கு மட்டும் செலவழியுங்கள், அதுவும் கொப்பி நிறைந்த பிறகு. பாடம் எடுக்க விடாமல், உங்கள் பிழைகளை அலசச் சொல்லுங்கள்.

வாசிப்புக்கு யாழ் பொது நூலகம் இருக்கிறது. வீட்டில் விருந்தாட்களும் தொலைக்காட்சியும் என்றால், காலையிலேயே போய் ஒரு கதிரையைப் பிடித்து, கைபேசியை நிறுத்திவிட்டு 45 நிமிடம் ஒரே மூச்சில் ஆங்கிலம் வாசித்துப் பழகுங்கள். வேர்பல் பகுதியின் நீளமும் அதேதான்.

வீட்டிலிருந்தா, கொழும்புக்குப் போயா

இரண்டு சோதனையையும் வீட்டிலிருந்தே எழுதலாம். மையம் என்றால் கொழும்பு. ஜிமேட்டுக்கு அமெரிக்காவில் மையத்தில் 275 டொலர், வீட்டிலிருந்து 300 டொலர். ஜிஆர்ஈ 220 டொலர். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். டொலரை 300 ரூபாவாக வைத்தாலே ஒரு ஜிமேட்டுக்கு 80,000 ரூபாவுக்கு மேல் போகிறது. இவ்வளவு காசைக் கட்டிவிட்டு, இணையம் அறுமா என்ற பயத்தோடு உட்காருவதா என்பதுதான் கேள்வி.

வீட்டில் எழுதினால் அறையைச் சுற்றிக் கமெராவில் காட்ட வேண்டும், மேசை வெறுமையாக இருக்க வேண்டும், இடையில் யாரும் உள்ளே வரக்கூடாது. கூட்டுக் குடும்ப வீட்டில் அம்மம்மா தேத்தண்ணியோடு கதவைத் திறந்தால் அதுவே போதும், கண்காணிக்கிறவர் சோதனையை நிறுத்திவிடக்கூடும். கரண்ட் போனால் மடிக்கணினி நிற்காது, ரவுட்டர் நின்றுவிடும். அதற்கு ஒரு சின்ன யூபிஎஸ் தேவை. பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி விடியவே தொடங்கிவிடும், திகதி எடுக்கும்போது அதையும் பாருங்கள். எழுதிப் பார்க்கச் சாதாரணக் கடதாசி விடமாட்டார்கள். ஜிமேட்டுக்கு வெள்ளைப் பலகை, ஜிஆர்ஈக்கு வெள்ளைப் பலகை அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தாள். அந்தப் பலகையில் எழுதி அழித்துப் பழகாமல் சோதனையன்று புதிதாகத் தொடாதீர்கள்.

கொழும்பென்றால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவி நேரே மையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். அந்த ஒரு நாள் விடுமுறையும் பயணக் காசும் கையைக் கடித்தாலும், நான் மையத்தையே சொல்வேன். முதல் தடவை வீட்டில் எழுதி இடைஞ்சல் பட்டவர் என்றால் யோசிக்கவே தேவையில்லை. கைக்குழந்தையோடு இருக்கிற தாய்மாருக்கும் விடுமுறை கிடைக்காத வங்கி ஊழியருக்கும் வீடுதான் வழி என்றால், ஒரு அறைக்குக் கதவுப்பூட்டும் யூபிஎஸ்ஸும் முதலில் ஒழுங்குசெய்யுங்கள்.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிமேட்டை 16 நாளுக்குப் பிறகு திரும்ப எழுதலாம், ஜிஆர்ஈயை 21 நாளுக்குப் பிறகு. இரண்டிலும் 12 மாதத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் விடமாட்டார்கள். 16 நாளில் திரும்ப எழுதுவது, அன்று காய்ச்சலோ கரண்டோ கெடுத்தவருக்கு மட்டும் பொருந்தும். மாதிரிப் பரீட்சையிலேயே அதே புள்ளி வந்துகொண்டிருந்தவர் மூன்று மாதமாவது எடுக்க வேண்டும். புள்ளி ஐந்து வருடம் செல்லும், எதை அனுப்புவது என்பதும் உங்கள் கையில்தான். முதல் புள்ளி குறைந்ததை எண்ணிக் கூச்சப்படத் தேவையில்லை.

பதியும்போது பெயரைக் கவனியுங்கள். எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும், சிலருக்கு முதலெழுத்தாக மட்டும் வரும், பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரியும் இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே பதியுங்கள். முதல் தடவைக் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால் புதிய கணக்குத் திறக்காமல், அதே கணக்கில் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். கடவுச்சீட்டு முடியும் திகதியையும் பார்த்துவிட்டுத்தான் காசு கட்டுங்கள்.