முழு மரமா, பிளைவுட்டா?

முழு மரப் பலகை ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அகலவாக்கில்தான் வம்பு. மழைக்காலத்தில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வது இதனால்தான்.

பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் ரேகைக்குக் குறுக்காக அடுத்ததை வைத்து, 3, 5, 7 என ஒற்றைப்படையில் ஒட்டுகிறார்கள். ஒரு தாள் விரியப் பார்த்தால் பக்கத்துத் தாள் விடாது. அகலமான அலமாரி முதுகுக்கும் கட்டில் பலகைக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் அதன் உயிர் பசையில் இருக்கிறது. யூரியா பசை ஈரம் தாங்காது; நாளடைவில் தாள் தாளாகப் பிரியும். பீனால் பசை தாங்கும். சமையலறைக்கு வாங்கும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள். விளிம்பில் திருகாணி அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் ஒரு குறை.

மரத்தில் கீறல் விழுந்தால்? இழைத்து வார்னிஷ் அடித்தால் சரி. பிளைவுட்டை இழைத்தால் மேல்தாளே போய்விடும். நாற்காலிக் கால், கதவு நிலை என்றால் நான் யோசிக்காமல் மரத்தைத்தான் சொல்வேன். இன்னொன்று, காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எல்லாம் அந்த மரம் காற்றிலிருந்து எடுத்தது. மேசை உழைக்கும் வரை அது அங்கேயேதான் இருக்கும்.

மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும்.