வியன்னா பீஃப் ஹாட் டாக்: தோலோடவா, தோல் இல்லாமலா?

வியன்னா பீஃப்ங்கறது மாட்டிறைச்சி ஹாட் டாக் (பன்னுல வச்சு சாப்பிடற சாசேஜ்) பண்ற கம்பெனி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சில வித்து ஆரம்பிச்சவங்க, இன்னிக்கும் அந்த ஊர் ஹாட் டாக்னாலே இவங்கதான், ஆனா தோலோட (அதாவது சாசேஜைச் சுத்தி இருக்கற மெல்லிசு உறையோட) இருக்கறதா, இல்லாததா, எதை வாங்கறதுன்னுதான் எல்லாருக்கும் குழப்பம்.

கடி: தோலோட இருக்கறது பல்லு பட்டதும் டப்புனு வெடிச்சு சாறு தெறிக்கும், சட்டை பத்திரம். தோலில்லாதது மெத்துனு இருக்கும், பல்லு வீக்கானவங்களுக்கு அதான் வசதி.

சமையல்: தோலோடதை தளதளன்னு கொதிக்கவிட்டா பொளந்துக்கும், சிம்ல வச்சு சூடு பண்ணணும். மத்தது எப்படி வாட்டுனாலும் கோவிச்சுக்காது.

விலை: பொதுவா தோலோடதுதான் கூட.

கசகசா தூவுன பன், கடுகு சாஸ், பச்சைப்பசேல்னு ரெலிஷ் (பொடிசா நறுக்குன இனிப்பு ஊறுகா), வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகா, குட்டி மிளகா, செலரி உப்புன்னு முழு சிகாகோ ஸ்டைல்ல (கெட்சப்பா, மூச்!) சாப்பிடணும்னா தோலோடதே வாங்குங்க, நறுக்கி முட்டைப் பொரியல்ல போடறதுக்கு தோலில்லாததே போதும்.