மேனேஜ்மென்ட் தரப்பு லேபர் வக்கீல்: மாத ரீடெய்னர் கொடுத்து வைத்துக்கொள்ளலாமா?

அம்பத்தூர், ஓசூர், கோவை பக்கம் நூறு பேருக்குள் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு லேபர் வக்கீல்கள் தரும் ஏற்பாடு இது. போனில் ஆலோசனை, கடித வரைவு, லேபர் ஆபீஸ் நோட்டீசுக்குப் பதில் ஆகியவை மாதத் தொகைக்குள் அடக்கம். லேபர் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட் ரிட்டுக்கும் (தீர்ப்பை எதிர்த்துப் போடும் மனு) தனி ஃபீஸ். கேஸே இல்லாத மாதத்தில் தண்டச் செலவாகத்தான் தெரியும். ஆனால் டிஸ்மிஸ் கேஸ் பலதும் சார்ஜ் மெமோவிலேயே, அதாவது குற்றச்சாட்டை எழுதித் தொழிலாளிக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே, தோற்றுவிடுகிறது. காசுக்கு மதிப்பு அந்த இடத்தில்தான்.

'மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்' என்று மட்டும் எழுதினால் நிற்காது. தேதி, ஷிப்ட், நேரம், எந்த மெஷின் பக்கத்தில், யார் முன்னிலையில் என்று இருக்க வேண்டும். கெட்ட வார்த்தையை எழுதக் கூச்சப்பட்டு 'தகாத சொற்கள்' என்று மழுப்புவது எச்.ஆர். வழக்கம், நல்ல வக்கீல் சொன்னதைச் சொன்னபடியே எழுதவைப்பார். பழைய தண்டனைகளையும் கணக்கில் எடுப்பதானால் நோட்டீசிலேயே சொல்லச் சொல்வார். 'வாங்க மறுப்பு' என்று திரும்பி வந்த தபால் கவரைப் பிரிக்காமல் ஃபைலில் வைக்கச் சொல்வார்.

சஸ்பென்ஷனில் போட்டுவிட்டு என்கொயரியை (கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை) இழுத்தால் பர்ஸ்தான் இளைக்கும். தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம், தொழிலாளியே இழுத்தடித்தால் தவிர.

ஏற்கெனவே ஒரு தொழில் தகராறு விசாரணையில் நிலுவையில் இருக்கும்போது, அதற்குச் சம்பந்தமில்லாத குற்றத்துக்காக ஆளை நீக்கினால், ஒரு மாதச் சம்பளம், டிஸ்மிஸ் ஆர்டர், அந்தத் தகராறை விசாரிப்பவரிடம் ஒப்புதல் மனு மூன்றும் ஒரே மூச்சில் போக வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 33(2)(பி), இப்போதைய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 90ஆவது பிரிவு. மனுவே போடாவிட்டால் டிஸ்மிஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. சம்பந்தமுள்ள குற்றமென்றால் முன் அனுமதியே வாங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. சில ஆபீஸ்கள் தங்கள் ஜூனியரையே என்கொயரி ஆபீசராக அனுப்பும் பேக்கேஜ் விற்கின்றன. சட்டப்படி அதுமட்டுமே தப்பில்லை. ஆனால் பாரபட்சம் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கும், வேண்டாம். லேபர் ஆபீசில் நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீல் ஆஜராகச் சட்டமே விடாது. அதற்கு ரீடெய்னர் கடிதத்தில் தொகை போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். 'என்கொயரி செல்லாது என்றால் கோர்ட்டிலேயே குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பு வேண்டும்' என்ற ஒரு வரி எதிருரையில் (கோர்ட்டில் கம்பெனி போடும் பதில்) இருக்கிறதா என்று அந்த வக்கீல் முன்பு போட்ட ஒன்றை வாங்கிப் பாருங்கள். விட்டுப்போனால் பிறகு கேட்பது கஷ்டம்.

புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன. வேலையை விட்டவருக்கு இரண்டே வேலை நாளில் சம்பள பாக்கி தீர்க்க வேண்டும் என்பதைக்கூடச் சொல்லாமல் பழைய ஃபார்மட்டையே அனுப்புகிறவரைத் தவிர்க்கவும்.

மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து ரிட் போட்டால், வேறு வேலையில் இல்லை என்று தொழிலாளி அஃபிடவிட் தந்ததும் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கட்ட நேரும். ஃபைல் செய்யும் முன்பே அந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுகிறவர் கிடைத்தால், ரீடெய்னரில் பேரம் பேச வேண்டாம்.