ஹர்டில் மென்பொருள் நிறுவ ஏப்டியா, கீக்ஸா?

ஹர்ட் என்பது லினக்ஸுக்குப் பதிலாகக் குனு திட்டம் உருவாக்கிவரும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), குனு மாக் என்ற மைக்ரோகெர்னலின் மேல் ஓடுவது. அதில் மென்பொருள் நிறுவ டெபியனின் ஏப்டி, குனுவின் கீக்ஸ் என இரண்டு கருவிகள் உண்டு. ஹர்டைத் தினமும் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் டெபியன் ஹர்டைப் போட்டுப் பாருங்கள். 2025 வெளியீட்டில் 64 பிட் ஆதரவு வந்துவிட்டது, டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் ஏறத்தாழ 72% கிடைக்கிறது, லினக்ஸில் அடித்த அதே ஏப்டி கட்டளைகள்தான்.

ஆனால் ஏப்டிக்கு அடியில் இருந்து நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி, கோப்புகளை நேராக, மென்பொருள்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவில் மாற்றி எழுதுகிறது. ஒருமுறை பாதி அப்டேட்டில் என் கணினி உறைந்துபோனது. மறுபடி பூட் செய்து, அரைகுறையாக நின்ற பேக்கேஜ்களை டிபிகேஜியின் கான்ஃபிகர் கட்டளையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கீக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பேக்கேஜும் ஸ்டோர் என்ற கிடங்கில் தனி அடைவில் உட்கார்ந்துகொள்ளும், எல்லாம் தயாரான பிறகே ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) மாறும், பிடிக்கவில்லையென்றால் ரோல்பேக் செய்து பழைய தலைமுறைக்கு, அதாவது முந்தைய நிலைக்கு, போய்விடலாம். இன்னும் வளராத ஒரு கெர்னலுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? கீக்ஸில் ஹர்டுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் பேக்கேஜ்கள் குறைவு, மற்றதை நாமே கம்பைல் செய்ய வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். ஹர்டின் உள்ளேயே நோண்ட விரும்பினால், கீக்ஸ் சிஸ்டம் என்ற இயங்குதளத்தில் சைல்ட்ஹர்ட் என்ற சேவை மெய்நிகர் கணினியாகவே அதை ஓட்டித் தருகிறது, நான் அதைத்தான் எடுப்பேன்.