மெல்ரோஸ்: கூரையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து ட்வீட் ஆற்றோரமாக நடந்தே மெல்ரோஸை அடைந்துவிடலாம். மழைக்கோட்டு அவசியம்.

ஊருக்கே உயிர் அந்தச் சிதைந்த மடாலயம்தான். 1136-இல் மன்னர் முதலாம் டேவிட் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினருக்காக நிறுவியது. 1385-இல் ஆங்கிலேயப் படை அதைக் கொளுத்தியது. இன்று நிற்பதில் பெரும்பகுதி அதன் பிறகு எழுப்பப்பட்டது. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் இதயம் என்று கருதப்படுவதை 1998-இல் இங்கே மறுபடியும் புதைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தைக் குறிக்கும் கல்லைச் சுற்றியே நிற்கிறார்கள். நிற்கட்டும். நீங்கள் அண்ணாந்து பாருங்கள்: கூரையில் ஒரு கற்பன்றி பேக்பைப் வாசித்துக்கொண்டிருக்கிறது! கடும் நோன்பிருந்த துறவிகளின் மடத்தில் இந்தக் குறும்புக்கு யார் அனுமதி கொடுத்தார்களோ! தொலைநோக்கி இருந்தால் முகபாவம்கூடத் தெரியும். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

எழுவர் ரக்பி 1883-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். நெட் ஹெய்க் என்ற கசாப்புக் கடைக்காரரின் யோசனை, உள்ளூர் ரக்பி சங்கத்துக்குப் பணம் திரட்டுவதற்காக. கிரீன்யார்ட்ஸ் மைதானத்தை எட்டிப் பார்த்தேன். ரக்பி ரசிகர்கள் என்னைவிட அதிக நேரம் நிற்பார்கள்.

அருகிலிருந்த ரோமானியக் கோட்டையின் கதையைச் சொல்லும் டிரைமான்டியம் அருங்காட்சியகம் சிறியது, ஆனால் கச்சிதமானது. நான் நுழைந்த தேநீர்க்கடையில் ஸ்கோன் என்ற சிறு ரொட்டி அருமை, தேநீர் ஆறிப்போயிருந்தது. ஊருக்கு அருகிலுள்ள ஈல்டன் குன்றுகளின் மூன்று சிகரங்களிலும் ஏற நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். மடாலயத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம், மூடும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.