மோட்டாருக்குச் சபாஷ், கையேட்டுக்கு ஒரு குட்டு

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தின் மூலையில் ஒரு குழி இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது சுவரோரம் ஊறிவரும் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து சேரும். அதை வெளியேற்ற வாங்கிய அரை ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டாருடன் மூன்று மழைக்காலம் குடித்தனம் நடத்திவிட்டேன். மோட்டாரைத் தாராளமாக வாங்கலாம். கூடவே வரும் கையேட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு உடல், துருப்பிடிக்காத திருகுகள், அடக்கமான சத்தம். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம்; அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. எங்கள் குழாய் 3 மீட்டர் ஏறி, இரண்டு இடங்களில் வளைந்து வெளியே போகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் அளவு குறையும். அப்படிக் குறைந்தும் எங்களுக்குப் போதுமானதாகவே இருக்கிறது.

குறை, தண்ணீர் ஏறினால் மோட்டாரை ஓடவிட்டு, இறங்கினால் நிறுத்தும் மிதவையில். கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போல அது கேபிளின் நுனியில் அலைகிறது. எங்கள் குழி குறுகலானது. இரண்டு முறை மிதவை சுவரில் ஒட்டிக்கொண்டு மேலெழ மறுத்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்ட பிறகும் மோட்டார் வாயைத் திறக்கவில்லை. குறுகிய குழி உள்ளவர்கள், தண்டில் செங்குத்தாக ஏறி இறங்கும் மிதவை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் எங்கள் மோட்டாரில் ஒரு வசதி உண்டு. மிதவையின் பிளக் தனி, மோட்டாரின் பிளக் தனி. ஒன்றின் முதுகில் மற்றது ஏறும். மோட்டார் பிளக்கை மட்டும் நேரடியாகச் செருகிச் சில விநாடிகள் பார்த்தால், கோளாறு மிதவையிலா மோட்டாரிலா என்று தெரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டால் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடிச் சூடேறும், மறந்துவிடக் கூடாது.

போன மழைக்காலத்தில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. உறுமலுடன் நின்றுபோன மோட்டார் அரைமணி நேரமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. செத்துவிட்டது என்றே முடிவு செய்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கலாம் என்று குனிந்தேன். குழிக்குள் இருட்டாக இருந்தது. டார்ச் எடுக்க மாடிக்குப் போய்த் திரும்பி வருகிறேன், அது தானாக உறுமிக்கொண்டிருக்கிறது! டார்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால், அந்த நேரத்தில் என் கை தண்ணீருக்குள் இருந்திருக்கும்.

நடந்தது இதுதான்: சிறு சரளைக்கல் ஒன்று, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரில் சிக்கியிருந்தது. சுழல முடியாத மோட்டார் மின்சாரத்தை அதிகமாக இழுத்துச் சூடானது. உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் மின்னோட்டத்தைத் துண்டித்தது. ஆறியதும் தானாகவே மீண்டும் இணைத்துவிட்டது. மோட்டார் எரியாமல் காப்பாற்றும் அருமையான ஏற்பாடு, ஆனால் கையை விடுபவருக்கு எமன். இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போட வேண்டாமா? பதினாறாம் பக்கத்தில், உத்தரவாத நிபந்தனைகளுக்கு நடுவே ஒற்றை வரியாக ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் வழக்கம் இது. முதலில் மேலே போய் அந்த இணைப்பின் பிரேக்கரை அணைப்பேன். பிறகு, காய்ந்த தரையில் நின்று, காய்ந்த கையால் இரண்டு பிளக்கையும் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்வேன். அதன் பிறகே குழிப் பக்கம் போவேன். மோட்டாரைக் கேபிளைப் பிடித்துத் தூக்குவதில்லை, கேபிள் நுழையும் இடத்து அடைப்பு தளர்ந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். கைப்பிடியில் ஒரு நைலான் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். அடிப்பக்கத்து வடிகட்டியைக் கழற்றி, கல்லை இடுக்கியால் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. மோட்டாரின் உடலைப் பிரிப்பதில்லை. அது மெக்கானிக்கின் வேலை.

30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வழியாகத்தான் இதற்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன். மோட்டாரைச் செருகியதும் அந்தச் சுவிட்ச் அணைந்துவிட்டால், அதை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது முட்டாள்தனம். எங்கோ மின்சாரம் கசிகிறது என்றுதான் அர்த்தம். தண்ணீர் ஏற்கெனவே தரையில் பரவி பிளக் பாயின்டையோ ஒயரையோ தொட்டுவிட்டால், கீழே கால் வைக்கவே கூடாது. மெயின் சுவிட்ச் காய்ந்த இடத்தில் இருந்தால் அணைக்கலாம். அதுவும் தண்ணீருக்குள் என்றால் மின்வாரியத்தைக் கூப்பிடுவது தவிர வேறு வழியில்லை.

அன்றைய கூத்து கல்லோடு முடியவில்லை. மோட்டாரைத் திரும்ப இறக்கி, குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மிதவை எழுந்தது, மோட்டார் ஓடியது, ஆனால் ஒரு சொட்டும் வெளியேறவில்லை. மேலே போன தண்ணீர் குழிக்குத் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்று பார்த்தேன்; அம்புக்குறி மேல்நோக்கியே இருந்தது. உதவிக்கு வந்திருந்த தம்பி அப்போதுதான் பெருமையாகச் சொன்னான்: "அக்கா, குழாயில் ஒரு ஓட்டை இருந்தது. பசை வைத்து அடைத்துவிட்டேன்."

மோட்டாருக்கும் ஒருவழி வால்வுக்கும் இடையே குழாயில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை வேண்டுமென்றே போடப்பட்டிருக்கும். வால்வுக்குக் கீழே சிக்கிய காற்று வெளியேற அதுதான் வாசல். அதை அடைத்தால் காற்று பூட்டிக்கொள்ளும். இம்பெல்லர் காற்றையே கடைந்துகொண்டிருக்கும். மோட்டார் ஓடும்போது அந்தத் துளையிலிருந்து மெல்லிய தாரை குழிக்குள் பீய்ச்சுவதுதான் நல்ல அறிகுறி. கையேட்டில் இதற்கு ஒரு படமாவது உண்டா என்றால், இல்லை.

பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, துளைக்குப் பக்கத்தில் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன்: "இது பழுது அல்ல. அடைக்காதே, தம்பி."