எம்ஐடிசியா, டபிள்யூஎல்டிபியா: கொங்குச் சாலைகளுக்கு எந்த எண் பொருந்தும்?

மின்கார் விளம்பரங்களில் ‘ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்’ என்று நம் ஊரில் காட்டப்படுவது பெரும்பாலும் எம்ஐடிசி என்ற இந்தியச் சோதனையின் எண். ஐரோப்பாவின் பழைய என்இடிசி முறையைத் தழுவியது இது. அந்த ஐரோப்பாவோ 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை முறைக்கு மாறிவிட்டது.

எம்ஐடிசியில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்; வேகம் ஏறுவதும் இறங்குவதும் மிக நிதானம். டபிள்யூஎல்டிபியோ 30 நிமிடத்தில் 23 கிலோமீட்டர் ஓட்டி, மணிக்கு 131 கிலோமீட்டர் வேகம் வரை தொடுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90-லிருந்து 110-க்குப் போனாலே தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எனவே அவிநாசி, பெருந்துறை வழியே சேலம் போய்வருபவர் டபிள்யூஎல்டிபி எண்ணையே நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து. காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு எம்ஐடிசி அவ்வளவு தவறாக இராது.

இரண்டுமே ஆய்வகத்து உருளைமேல், ஏசியை அணைத்துவிட்டு நடப்பவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றை எதிர்த்துப் பல்லடத்திலிருந்து கோவை வருவது அவற்றில் இல்லை. மலையும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். 1,600 கிலோ காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே சுமார் 6 யூனிட் மின்சாரம் வேண்டும். இறங்கும்போது ஒரு பகுதிதான் பேட்டரிக்குத் திரும்பும்.

கார் வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: எம்ஐடிசி எண் நகர ஓட்டமான முதல் பகுதிக்கு மட்டுமா, இரண்டு பகுதிகளும் சேர்ந்ததா? முதல் பகுதியில் உச்ச வேகமே 50தான்.